வருகை விசாவின் நாள் கணக்கு யார் கையில்? தென்னாப்பிரிக்க எல்லைச் சட்டம் ஒரு விளக்கம்

தென்னாப்பிரிக்காவுக்கு வருகை விசாவில் வந்த ஒருவர் கொடுத்த நாளைத் தாண்டித் தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது அரசுக்கு எப்போது தெரியவரும்? பெரும்பாலும் அவர் ஊருக்குத் திரும்புவதற்காக விமான நிலையத்துக்கு வந்து கவுன்டரில் பாஸ்போர்ட்டை நீட்டும்போதுதான். அதாவது முறையாக வெளியேற வந்தவர்தான் மாட்டுகிறார், வெளியேறாமல் உள்ளேயே இருந்துவிட்டவரை அந்தக் கவுன்டர் பார்க்கப்போவதே இல்லை. எல்லைப் பதிவு, விசா, தடை என்று நீளும் இந்த ஊர்ச் சட்டத்தில் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இதை எழுதக் காரணம் இங்கே நம் வீடுகளில் வருஷா வருஷம் நடப்பதுதான். டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் வேலைக்கு வந்து தங்கிவிட்ட பிள்ளைகளைப் பார்க்க, மகளின் பிரசவத்துக்குத் துணையிருக்க, தமிழ்நாட்டிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ வந்து டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்கும்போது அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாஸ்போர்ட்டில் ஒரு விசா ஸ்டிக்கர் இருக்கிறது என்பது மட்டும். அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் என்ன சட்டம் இருக்கிறது, நாள் கணக்கு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, ஒரு நாள் பிசகினால் என்ன ஆகும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

அடிப்படைச் சட்டம் 2002ஆம் ஆண்டின் 13ஆம் எண் குடியேற்றச் சட்டம். அதன் 9ஆம் பிரிவு, நாட்டுக்குள் வருவதும் போவதும் அறிவிக்கப்பட்ட நுழைவிடங்கள் வழியாக மட்டுமே நடக்க வேண்டும் என்கிறது. விமான நிலையம், துறைமுகம், தரை எல்லைச் சாவடி எல்லாம் சேர்த்து அப்படி 71 இடங்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டும், தங்கப்போகும் காலம் முடிந்த பிறகு குறைந்தது 30 நாளுக்காவது செல்லுபடியாக இருக்க வேண்டும். 11ஆம் பிரிவுதான் வருகை விசா. சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ வருபவருக்கு அதிகபட்சம் 3 மாதம், அதை உள்ளூரிலிருந்தே ஒரு முறை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். இந்தியாவின் சாதாரண பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்த விசா கட்டாயம்.

குழப்பம் ஸ்டிக்கரிலேயே ஆரம்பிக்கிறது. அதில் இருக்கும் தேதி, அதற்குள் நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதற்கான தேதி. எத்தனை நாள் தங்கலாம் என்பது தனியாக, 30 நாள், 90 நாள் என்று எண்ணிக்கையாக இருக்கும். அந்த எண்ணிக்கை இங்கே கால் வைத்த நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கும். பலர் ஸ்டிக்கரில் உள்ள தேதியைப் பார்த்து, அதுவரை இருக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னும் பலர் 90 நாளும் 3 மாதமும் ஒன்றுதான் என்று கணக்குப் போடுகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரியப்பா என்னிடம் போனில் கேட்டது அப்படியே நினைவிருக்கிறது.

"தம்பி, ஜூலை அஞ்சாம் தேதி வர்றோம். அக்டோபர் அஞ்சுக்கு ரிட்டர்ன் போட்டுடலாமா? மூணு மாசம்தானே?"

"வேண்டாம் பெரியப்பா. ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் 31 நாள். அக்டோபர் ரெண்டோட 90 முடிஞ்சிடும். செப்டம்பர் கடைசி வாரத்துக்கே போடுங்க, ஒரு வாரம் கையில இருக்கட்டும்."

அவர் கேட்டார், மாற்றிப் போட்டுக்கொண்டார். கேட்காதவர்கள் எத்தனையோ பேர்.

சரி, நாள் தாண்டினால் என்ன? 2014க்கு முன்னால் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். 2011இல் நிறைவேறிய திருத்தச் சட்டமும் அதற்கான புதிய விதிகளும் 2014 மே 26 அன்று நடைமுறைக்கு வந்தன. மலூசி கிகாபா அப்போதுதான் உள்துறை அமைச்சர் பொறுப்புக்கு வந்திருந்தார். அன்றிலிருந்து அபராதத்தின் இடத்தில் தடை வந்துவிட்டது. சட்டத்தின் 30ஆம் பிரிவின் கீழ், தேதி தாண்டியவரை 'விரும்பத்தகாதவர்' என்று அறிவிக்கலாம். 30 நாளுக்குள் தாண்டியிருந்தால் 12 மாதம் இந்த நாட்டுக்கு வர முடியாது. 24 மாதத்துக்குள் அதே தவறு இரண்டாம் முறை நடந்தால் 2 வருஷம். 30 நாளுக்கு மேல் போனால் 5 வருஷம்.

அரசின் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அபராதம் மட்டும் இருந்த காலத்தில் அதைக் கூடுதல் நாட்களுக்கான கட்டணம்போல நினைத்துக் கட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. தன் எல்லைக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எந்த நாட்டுக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் இந்தத் தடை ஏணியின் படிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு நாள் தாண்டியவருக்கும் 29 நாள் தாண்டியவருக்கும் ஒரே 12 மாதம். 31 நாள் தாண்டியவருக்கும் மூன்று வருஷம் ஒளிந்திருந்தவருக்கும் ஒரே 5 வருஷம். முப்பதாவது நாளைக் கடந்துவிட்ட ஒருவர் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் என்று நினைப்பதற்கு இந்தச் சட்டம் ஒரு காரணமும் தரவில்லை, கிளம்பினால் 5 வருஷம் என்பது நிச்சயம், கிளம்பாவிட்டால் ஒருவேளை யாருக்கும் தெரியாமலே போகலாம். வெளியேற்றத்தை ஊக்குவிக்க வேண்டிய சட்டம் வெளியேறுவதைப் பார்த்துப் பயப்பட வைக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகளின் பிரசவத்துக்கு வந்தவர். குழந்தை பிறந்ததும் மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள், மருமகன் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார், விசா முடிந்து ஆறு நாள் ஆகிவிட்டது. அபராதம் கட்டிவிடலாம் என்று யாரோ பழைய கதையைச் சொல்லியிருந்தார்கள். கிளம்பும் நாளில் பாதுகாப்புச் சோதனைக்கு இந்தப் பக்கமே மகளும் மருமகனும் நின்றுவிட்டார்கள், அதற்கு மேல் அவர்களை விடமாட்டார்கள். அந்த அம்மா தனியாகக் கவுன்டருக்குப் போனார். அதிகாரி பாஸ்போர்ட்டை வைத்துப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் ஆங்கிலத்தில். ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். விமானத்துக்கு நேரமாகிறது என்பதுதான் அவர் மனதில் இருந்தது. துபாயில் இறங்கி, தாளைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பிய பிறகுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று குடும்பத்துக்கே தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு வர முடியாது. பேரனின் முதல் பிறந்தநாளை வீடியோவில்தான் பார்த்தார்.

அந்தத் தாளை எதிர்த்து எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். 10 வேலை நாளுக்குள் உள்துறை அமைச்சகத்துக்கு, இங்கே எல்லோரும் சொல்கிறபடி ஹோம் அஃபேர்ஸுக்கு, காரணத்தோடும் ஆவணங்களோடும் அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, விமானம் ரத்தானதற்கான கடிதம், விண்ணப்ப ரசீது மாதிரி ஏதாவது இருந்தால் நல்ல காரணம் என்று ஏற்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த அம்மா மாதிரி ஊர் போய்ச் சேர்ந்து, களைப்பு தீர்ந்து, யாரிடம் கேட்பது என்று தேடுவதற்குள் அந்த நாட்கள் ஓடிவிடும். எனவே தாள் கையில் கிடைத்த அன்றே இங்கிருக்கும் பிள்ளைகள் மேல்முறையீட்டை எழுத ஆரம்பித்துவிட வேண்டும்.

நீட்டிப்பு வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் அடுத்த சிக்கல். நீட்டிப்பு விண்ணப்பத்தை விசா முடிவதற்கு 60 நாளுக்குக் குறையாமல் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 90 நாள் விசாவில் வந்தவர் முதல் 30 நாளுக்குள் முடிவெடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம். மகளுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது வந்த அம்மாவுக்கு, குழந்தை எப்படிப் பிறக்கும், எத்தனை நாள் தேவைப்படும் என்று முதல் மாதத்திலேயே எப்படித் தெரியும்? 30 நாளுக்குக் குறைவான விசா என்றால் முடிவதற்கு 7 வேலை நாள் முன்னதாகக் கொடுத்தால் போதும் என்று ஒரு தளர்வு இருக்கிறது. விண்ணப்பத்தை, அரசுக்காக விசா விண்ணப்பங்களை வாங்கும் தனியார் நிறுவனமான வி.எஃப்.எஸ். மையத்தில் கொடுக்க வேண்டும், முடிவெடுப்பது ஹோம் அஃபேர்ஸ்.

முடிவு நேரத்துக்கு வந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பல வருஷங்களாகத் தேங்கிய விசா விண்ணப்பங்கள் 3 லட்சத்துக்கும் மேல் இருந்தன என்று அரசே சொன்னது. 2024 ஜூலையில் பொறுப்புக்கு வந்த அமைச்சர் லியோன் ஷ்ரைபர் அவற்றைத் தீர்ப்பதை முதல் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். அந்தத் தேக்கத்தால் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் தவறேதும் செய்யாமலே 'தேதி தாண்டியவர்கள்' ஆகிவிடக்கூடாது என்பதற்காக, ஹோம் அஃபேர்ஸ் அவ்வப்போது சுற்றறிக்கை போட்டு அவர்களுக்குச் சலுகை கொடுத்துவந்தது. அந்தக் காலக்கெடு முடியும் முன் இன்னொரு சுற்றறிக்கை, அது முடியும் முன் மற்றொன்று. இந்தச் சலுகைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, பல குடும்பங்களைக் காப்பாற்றியவை அவை. ஆனாலும் ஒருவரின் சட்டபூர்வ நிலை சுற்றறிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. விமான நிலையக் கவுன்டரில் இருப்பவர் அன்றைக்கு எந்தச் சுற்றறிக்கை உயிரோடு இருக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும், பயணியின் கையில் ரசீது இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று தவறினாலும் தடைத் தாள்தான்.

பக்கத்து நாட்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வந்தால் புதிதாக 90 நாள் கிடைக்கும் என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லெசோத்தோவுக்கோ எஸ்வாட்டினிக்கோ போய் வருபவருக்குப் பொதுவாகப் பழைய விசாவில் மீதமிருக்கும் நாட்கள்தான் தொடரும். இதை நம்பிப் பெற்றோரைக் காரில் ஏற்றிக்கொண்டு கொலேலா எல்லைக்குப் போகாதீர்கள்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. தைப்பூசக் காவடிக்கும், ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும், புரட்டாசிக்கும் நாதஸ்வரக் கலைஞர்களையும் குருக்களையும் தமிழ்நாட்டிலிருந்து அழைக்கிறோம். சம்பளமோ சன்மானமோ கொடுத்தால் சட்டத்தின் பார்வையில் அது வேலை. வெறும் வருகை விசாவில் அவர்கள் வாசிக்கக் கூடாது, 11ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவின்படி வேலைக்கான அனுமதியைச் சேர்த்து வாங்கித்தான் அழைக்க வேண்டும். பிடிபட்டால் பாதிக்கப்படுவது அந்தக் கலைஞரின் பாஸ்போர்ட்தான், அடுத்து அவர் வேறெந்த நாட்டுக்கு விசா கேட்டாலும் அந்தக் கறை கேள்வியாக வந்து நிற்கும்.

இன்னொன்று, வருகை விசாவில் வந்தவர் உள்ளூரிலேயே வேறு வகை விசாவுக்கு மாற முடியாது என்பதும் 2014இல் இறுகிய விதி. அதில் ஒரு கதவை அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் நந்துட்டு வழக்கில் திறந்துவிட்டது. தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கோ நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கோ வாழ்க்கைத் துணையாகவோ குழந்தையாகவோ இருப்பவர்கள் இங்கிருந்தே மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். குடும்பத்தைப் பிரித்து ஒருவரை ஊருக்கு அனுப்பி விண்ணப்பிக்கச் சொல்வது அவர்களின் மாண்பைக் குலைப்பது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அப்புறம், இந்தக் கணக்கையெல்லாம் அரசு எப்படி வைத்திருக்கிறது? நுழைவிடங்களில் பாஸ்போர்ட்டை வைத்துப் படிக்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி அது மேம்படுத்தப்பட்டது. விமானத்தில் ஏறும் முன்பே விமான நிறுவனம் பயணியின் விவரத்தை அனுப்பி, ஏற்றலாமா என்று பதில் வாங்க வேண்டும். பின்னால் சில விமான நிலையங்களில் கைரேகையும் முகப்படமும் எடுக்க ஆரம்பித்தார்கள். விமானத்தில் வந்து விமானத்தில் போகிறவரின் கணக்கு அதனால் ஓரளவு ஒழுங்காகவே இருக்கும்.

தரை எல்லையில் நிலைமை வேறு. ஜிம்பாப்வேயை ஒட்டிய பெய்ட்பிரிட்ஜ், மொசாம்பிக்கை ஒட்டிய லெபோம்போ, லெசோத்தோவை ஒட்டிய மசேரு பாலம் மூன்றிலும் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பேருந்துகள் மைல் கணக்கில் நிற்கும். அங்கே ஆள் போகாமலே பாஸ்போர்ட் மட்டும் எல்லைக்குப் போய் முத்திரை வாங்கிவரும் வழக்கம் பற்றிய செய்திகள் பல வருஷங்களாக வந்தபடி இருக்கின்றன. ஓட்டுநரிடம் பாஸ்போர்ட்டோடு பணத்தைச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள், பதிவேட்டில் அந்த ஆள் வெளியே போய்விட்டார், உண்மையில் அவர் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்துகொண்டிருப்பார். இப்படிப்பட்ட ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டு, நாட்டில் எத்தனை பேர் தேதி தாண்டி இருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்தல் நேரத்தில் மேடையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்லலாம், மறுப்பதற்குக் கணக்கு இல்லை. அந்த எண்கள் கிளப்பும் கோபம் வெளிநாட்டவர் கடைகள்மீது திரும்பியதை இந்த நாடு 2008இலேயே பார்த்துவிட்டது. வெளியேறும் பதிவு சரியாக இருப்பது வெளிநாட்டவருக்கே பாதுகாப்பு என்று நான் சொல்வது அதனால்தான்.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் எல்லை மேலாண்மை ஆணையம், சுருக்கமாக பி.எம்.ஏ. 2020இன் 2ஆம் எண் சட்டத்தால் உருவாகி, 2023 ஏப்ரல் 1 முதல் தனி அமைப்பாக இயங்குகிறது. அந்த வருஷம் அக்டோபரில் ஜனாதிபதி ராமபோசா ஜிம்பாப்வே எல்லையருகே உள்ள முசினாவில் அதை முறைப்படி தொடங்கிவைத்தார். குடியேற்றம், துறைமுகச் சுகாதாரம், விவசாயப் பொருள் சோதனை என்று தனித்தனியாக இருந்த பணிகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். சுங்கம் மட்டும் வரித்துறையிடமே இருக்கிறது, நுழைவிடங்களுக்கு வெளியே எல்லைக் காவல் ராணுவத்திடம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துபவர் இப்போது பி.எம்.ஏ. ஆள், விசா நீட்டிப்பை முடிவு செய்பவர் ஹோம் அஃபேர்ஸ் ஆள். இந்த இரண்டு கைகளும் ஒரே பதிவேட்டை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த ஊர்த் தமிழருக்கு எல்லைப் பதிவு புதிய விஷயமே இல்லை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலிலிருந்தே ஆரம்பிக்கிறது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு எல்லாம் கப்பல் பட்டியலில் ஏறியது. இன்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருப்பவர்கள் தங்கள் பூர்வீகக் கிராமத்தைத் தேடவும், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கவும் அந்தப் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள்.

கூலியாக வருபவருக்குப் பட்டியல், சொந்தக் காசில் வருபவருக்குத் தடை. 1897இல் டர்பனை உள்ளடக்கிய அன்றைய நேட்டால் காலனி போட்ட குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், வருகிறவர் ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும் என்றது. தமிழில் எவ்வளவு கற்றிருந்தாலும் செல்லாது. இனத்தின் பெயரைச் சொல்லாமலே இந்தியரை நிறுத்திய அந்தத் தந்திரத்தைப் பிறகு ஆஸ்திரேலியா உட்படப் பிற காலனிகளும் எடுத்துக்கொண்டன.

ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வாலில் 1907இன் ஆசியர் பதிவுச் சட்டம் கைரேகையோடு சான்றிதழ் எடுத்து, போலீஸ் கேட்டபோதெல்லாம் காட்டச் சொன்னது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வளாகத்தில் 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை ஒரு பெரிய கொப்பரையில் போட்டு எரித்தார்கள். போராட்டத்தில் தமிழர் பங்கு மிகப் பெரியது, மொரிஷியஸில் பிறந்த தம்பி நாயுடு அதன் தூண்களில் ஒருவர். பலரைப் பிடித்து மதராஸுக்கு நாடு கடத்தினார்கள். அப்படி அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தவர்களில் ஒருவர் நாராயணசாமி. துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்க விடாமல் கப்பலிலேயே வைத்து அலைக்கழித்தார்கள். 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா பே, அதாவது இன்றைய மபூட்டோ அருகே அவர் இறந்துபோனார். தான் இந்த மண்ணில் வாழ்ந்தவன் என்பதற்கான பதிவு அரசின் கையில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வள்ளியம்மையைத் தெரிந்த அளவுக்கு நாராயணசாமியை நாம் நினைவில் வைத்திருக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பிறகு 1913இன் குடியேற்ற ஒழுங்குமுறைச் சட்டம் இந்தியாவிலிருந்து புதிதாக வருவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, ஏற்கனவே இருப்பவர்களுக்கு நாட்டுக்குள்ளேயே எல்லை போட்டது. நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் போக இந்தியருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த வருஷமே தமிழ்ப் பெண்கள் அனுமதியில்லாமல் எல்லையைத் தாண்டி நியூகாஸல் சுரங்கத் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். அந்த மாகாண அனுமதிச் சீட்டு 1975 வரை இருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் அக்கா கல்யாணத்துக்குப் போகச் சீட்டு வாங்கியதை இன்னும் நினைவு வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் டர்பனில் இருக்கிறார்கள். இன்றைய ஜனநாயக அரசின் சட்டத்தை அந்தச் சட்டங்களோடு நான் ஒரே தட்டில் வைக்கவில்லை, நோக்கமும் வேறு, நீதிமன்றமும் வேறு. ஆனால் கைரேகைப் பதிவேடு என்றதும் நம் ஆட்களுக்கு அடிவயிற்றில் ஒரு அச்சம் எழுந்தால் அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது.

வெளிநாடுகளில் இந்தக் கணக்கை எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்கா 1996லேயே தன் குடியேற்றச் சட்டத்தின் 110ஆம் பிரிவில், ஒவ்வொரு வெளிநாட்டவரின் வருகையையும் வெளியேற்றத்தையும் பொருத்திப் பார்க்கும் தானியங்கி அமைப்பு வேண்டும் என்று எழுதிவிட்டது. உள்ளே வரும்போது கைரேகை எடுப்பது 2004இல் ஆரம்பமாகிவிட்டது, வெளியேறும் பக்கம்தான் இழுத்துக்கொண்டே போனது. வெளியேறும் எல்லா வெளிநாட்டவரையும் முகப்படம் எடுக்க வழிசெய்யும் விதி 2025 டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது. சட்டம் எழுதுவது சுலபம், வெளியேறும் வாசலில் ஆளையும் கருவியையும் நிறுத்துவது கடினம் என்பதற்கு இந்த முப்பது வருஷ இழுபறியே சாட்சி. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் கொண்ட மின்பதிவு வந்தது. அங்கே எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம்.

இந்த இரண்டு இடத்திலும் நாம் கவனிக்க வேண்டியது கருவி இல்லை. அமெரிக்காவுக்குப் போன ஒருவர், ஐ-94 என்ற அரசு இணையப் பக்கத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு எந்தத் தேதி வரை தங்கலாம், இதற்கு முன் எப்போது வந்தார், போனார் என்று தானே பார்த்துக்கொள்ளலாம். ஐரோப்பியச் சட்டத்திலும், மீதம் எத்தனை நாள் இருக்கிறது என்று பயணியே பார்ப்பதற்கான இணையச் சேவை எழுதப்பட்டிருக்கிறது. அதிகாரி பார்க்கும் கணக்கைப் பயணியும் பார்க்கலாம். இங்கே பயணியின் கையில் இருப்பது பாஸ்போர்ட்டில் விழுந்த ஒரு முத்திரை, அதன் மை சில நேரம் பாதிதான் பதிந்திருக்கும்.

இந்தியாவுக்குப் போகும் தென்னாப்பிரிக்கத் தமிழருக்கும் விதிகள் மாறியிருக்கின்றன. 1920, 1939, 1946, 2000 ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு ஒரே குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. பழனிக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் தங்கும் விடுதி அவர்களின் விவரத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், பாஸ்போர்ட்டைக் கேட்டு நகல் எடுத்தால் அதனால்தான்.

தென்னாப்பிரிக்காவில் அடுத்த மாற்றம் மின் பயண அனுமதி. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்ற உரையில் ஜனாதிபதி அறிவித்தார், அந்த வருஷம் ஜி-20 கூட்டங்களுக்கு வந்தவர்களை வைத்துத் தொடங்கினார்கள். முதல் கட்டத்தில் இந்தியா, சீனா, இந்தோனேசியா, மெக்சிகோ. வீட்டிலிருந்தே பாஸ்போர்ட்டையும் முகத்தையும் போனில் படம்பிடித்து அனுப்பினால் கணினி சரிபார்த்துப் பதில் தரும். சென்னைக்கும் மும்பைக்கும் அலைந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெற்றோருக்கு இது பெரிய விடுதலை, மனதார வரவேற்கிறேன். விண்ணப்பித்த அதே முகம் வாசலில் வருகிறதா, வந்த அதே முகம் வெளியே போகிறதா என்று பொருத்திப் பார்ப்பதால், பாஸ்போர்ட் மட்டும் எல்லைக்குப் போய்வரும் வேலை எடுபடாது.

முகமும் கைரேகையும் சாதாரண விவரங்கள் இல்லை என்பதை 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமே ஒத்துக்கொள்கிறது, உடலடையாளத் தகவலை அது சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள், யார் யார் பார்க்கலாம், கணினி ஆளைத் தவறாக அடையாளம் கண்டால் யாரிடம் போய்ச் சொல்வது, இவை சுற்றறிக்கையில் இல்லாமல் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

அதற்கான நேரம் இதுதான். குடியுரிமை, குடியேற்றம், அகதிகள் பாதுகாப்பு மூன்றையும் சேர்த்து மாற்றியமைக்கும் வெள்ளை அறிக்கை 2024 ஏப்ரலில் வெளிவந்தது, அதன் வழியில் புதிய மசோதாக்கள் வரும்போது பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். தென்னாப்பிரிக்கத் தமிழ்க் கூட்டமைப்பு மாதிரி அமைப்புகளும், கோயில் நிர்வாகங்களும், புதிதாக வந்து குடியேறியவர்களின் சங்கங்களும் சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பினால் அதற்கு எடை இருக்கும். என் பங்குக்கு அந்தக் கடிதத்தில் சேர்க்கச் சொல்வது இவை: மின் பயண அனுமதி எடுத்தவர் அதே பக்கத்தில் தன் கடைசி நாளைப் பார்க்க முடிய வேண்டும், அந்த நாளுக்குப் பத்து நாள் முன்னால் அவர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். முதல் முறையாக ஒரு வாரத்துக்குள் தாண்டியவருக்குத் தடைக்குப் பதில் மறுபடி அபராதம். பிரசவம், நோய், சாவு மாதிரி காரணங்களுக்கு 60 நாள் விதி பொருந்தாது என்று எழுத்தில் ஒரு விலக்கு. கவுன்டரில் கையெழுத்து வாங்கும் தாளை அந்தப் பயணிக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட ஏற்பாடு, தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும் போதும். மேல்முறையீட்டுக்கு 10 வேலை நாள் என்பதை 30 ஆக்கினால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் ஒருவரால் எழுதி அனுப்ப முடியும்.